மேனேஜரைத் திருப்பி அனுப்பக் கோரி

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் பணிவுடன் எழுதுவது. இங்கே நான் நலம். உங்கள் மகளும் நலம் என்றுதான் தோன்றுகிறது. கேட்டு உறுதிசெய்து எழுத வழியில்லை. கேட்க வேண்டிய நாய் உங்களிடம் இருக்கிறது.

அத்தையின் முழங்கால், உங்கள் ரத்த அழுத்தம், உங்கள் பல்செட், எல்லாம் சௌக்கியம் என நம்புகிறேன். கடைசியாகச் சொன்னதைப் பற்றிக் கீழே தனியாக எழுத வேண்டியிருக்கிறது. உட்கார்ந்து படிக்கவும்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் “சொல்லுங்க மாப்ள” என்றதும், இங்கே மழை பெய்ததா இல்லையா என்பது மட்டும்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. எழுதினால் கொஞ்சம் வருகிறது. எழுதுவதுதானே தொழில். மிக்ஸியோடும் துணி துவைக்கும் மெஷினோடும் ஒரு சின்னப் புத்தகம் வருமே, யாரும் பிரிக்காத புத்தகம், அதை எழுதுகிறவன் நான். ‘மூடியைத் திறக்கும் முன் பிளேடு நின்றுவிட்டதா என உறுதிசெய்யவும்.’ அது என் வாக்கியம். கல்யாணத்துக்கு முன்பு நீங்கள் உறவுக்காரர்களிடம் “பையன் எழுத்தாளர்” என்று சொல்லிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் நின்று மறுக்காமல் இருந்தேன். அந்த வெட்கமும் பாக்கி இருக்கிறது. அது இப்போது வரிசையில் பின்னால் நிற்கிறது.

விஷயம் இதுதான். மேனேஜரைத் திருப்பி அனுப்பிவையுங்கள்.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது அசிங்கம். அதுவும் மாமனாரிடம். அதுவும் நானே கயிற்றை உங்கள் கையில் கொடுத்து, “உங்ககிட்ட இருந்தா எங்களுக்கு நிம்மதி மாமா” என்று சொல்லிவிட்டு. தெரியும். ஆனால் திங்கட்கிழமைக்குள் உங்கள் மகளிடம் நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். நாய் இல்லாமல் அது வாயைவிட்டு வரமாட்டேன் என்கிறது. இப்படிச் சொன்னால் மாப்பிள்ளைக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைப்பீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன். அதன் பிறகு நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் ஒரு மிதியடியில் ஆரம்பித்தது. மேனேஜர் குட்டியாக வந்த புதிதில் எங்கள் வாசல் மிதியடியைத் தன் கழிப்பறையாக ஒதுக்கி வைத்திருந்தது. ஒருநாள் காலையில் கிளினிக்குக்குக் கிளம்பிய உங்கள் மகள் அதைப் பார்த்தாள். நான் எடுப்பேன் என்று தாண்டிப் போனாள். பிறகு நான் பார்த்தேன். அவள் வந்து எடுப்பாள் என்று தாண்டி வந்தேன். மாலையில் தண்ணீர் விஷயமாக மாடியேறி வந்த வீட்டுக்காரம்மா பார்க்கவில்லை, தாண்டவும் இல்லை. அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. படித்தவர்கள் அல்லவா, கத்தமாட்டோம். கத்தியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். சாப்பாட்டு நேரத்தில் அவள் நாயைப் பார்த்து, “மேனேஜர், உங்கப்பாகிட்ட சொல்லு. தட்டு இருக்கு, சாப்பாடு இருக்கு, அவருக்குக் கையும் இருக்கு” என்றாள். நானும் நாயைப் பார்த்து, “உங்கம்மாகிட்ட சொல்லு, எனக்குப் பசிக்கல” என்றேன். “மத்தியானமே பிஸ்கட் டப்பாவைக் காலி பண்ணா எப்படிப் பசிக்கும்னு கேளு.” “அதுல பாதி நீதான் தின்னேன்னு உண்மையைச் சொல்லிடு மேனேஜர்.” நாய் அவளைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. வாலை இரண்டு பக்கமும் ஒரே அளவு ஆட்டியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். சண்டை முடிந்தது. பழக்கம் முடியவில்லை.

மேனேஜர் என்ற பெயருக்கே அது பொருத்தம்தான். வந்த அன்றைக்கே ஒவ்வோர் அறையாக நுழைந்து, எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்து, எதிலும் திருப்தி இல்லாமல் நடு ஹாலில் படுத்துத் தூங்கிவிட்டது. அப்படி வந்த பெயர்.

சுகமாக இருந்தது மாமா, அதைச் சொல்லாமல் விட்டால் பொய். முகத்துக்கு நேரே சொன்னால் கூச்சமாக இருக்கும் எதுவும் நாய் வழியாகப் போனால் கூச்சம் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. “இன்னிக்கு உங்கம்மா அழகா இருக்கா, ஏன்னு கேளு.” “உங்கப்பா இன்னிக்குத்தான் கண்ணாடியைத் துடைச்சிருக்கார்னு சொல்லு.” இப்படி. என் கருப்புச் சட்டை எல்லாம் அதன் வெள்ளை முடி. அவளுடைய ஒரு செருப்பு மட்டும் எப்போதும் காணாமல் போகும். ஜோடியாகத் தின்னும் கெட்ட பழக்கம் அதற்கு இல்லை. குளிப்பாட்டினால் நாய் மட்டும் நனையாது. தெருவில் எனக்குப் பெயர் கிடையாது, ‘மேனேஜரோட அப்பா’ என்றால்தான் தெரியும். நான் எழுதும்போது என் பாதத்தின் மேல் தாடையை வைத்துத் தூங்கும். கால் மரத்துப்போகும். எடுக்கமாட்டேன். இந்த உலகத்தில் ஓர் உயிர் என் பாதத்தை நம்பி இருக்கிறது என்ற எண்ணத்தில் ஒரு முறை, கிரைண்டர் கையேட்டில் ‘முதலில் மின்இணைப்பைத் துண்டிக்கவும்’ என்ற படியையே விட்டுவிட்டேன். அலுவலகத்தில் கூப்பிட்டுக் கேட்டார்கள். நாய் தூங்கிக்கொண்டிருந்தது என்று எப்படிச் சொல்வது.

அதற்கு ஒரே குறை, வண்டி ஏறாது. கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே தரையோடு தரையாக ஒட்டிக்கொள்ளும். தூக்கிப் போட்டால் தெருமுனை தாண்டுவதற்குள் வாந்தி. நாய் டாக்டரிடம்கூட நடத்தியேதான் கூட்டிப் போவோம். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று உங்கள் காரில் அத்தையின் சால்வைக்கு நேர்ந்ததை நினைத்தால் இன்னும் காது சுடுகிறது.

நீங்கள் இருவரும் இங்கே வருவதற்கு முந்தைய வாரம், உங்கள் மகளுக்கு வேறு ஊரில் அந்த ஆஸ்பத்திரி வேலை வந்தது உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளின் பல் பிரிவு முழுக்க அவள் பொறுப்பில். படிக்கும் காலத்திலிருந்தே அவள் ஆசைப்பட்டது அது. எனக்குச் செய்தியைச் சொன்னது மேனேஜர். “உங்கப்பாகிட்ட சொல்லு, என்னைக் கூப்பிட்டிருக்காங்க. என்ன நெனைக்கிறார்னு கேளு.” “ரொம்ப சந்தோஷம்னு சொல்லு” என்றேன். நிஜமான சந்தோஷம். நீ கூட வருவாயா என்ற கேள்வியும் அதற்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கலாம் என்று எனக்கு உறைக்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது கையேடு எழுதுகிறவனின் வியாதி.

அந்த வாரக் கடைசியில் ஒருநாள் மத்தியானம் நான் மேசையில் இருந்தேன். எனக்குப் பின்னால் அவள் தரையில் உட்கார்ந்து நாய்க்குச் சீவிவிட்டுக்கொண்டிருந்தாள். சீப்பின் சத்தம். அப்புறம் அவள் குரல், தணிந்து.

“உன்ன விட்டுட்டு நான் எப்படிப் போவேன்? நீ கூட வந்தா எவ்வளவு நல்லா இருக்கும். ஆனா வரமாட்ட. எனக்குத் தெரியும்.”

எனக்கான வாக்கியங்கள் எப்போதும் ‘உங்கப்பாகிட்ட சொல்லு’ என்று ஆரம்பிக்கும். இது அப்படி ஆரம்பிக்கவில்லை. ஆகவே இது நாய்க்கு. நான் திரும்பாமல், மெஷின் மூடியைப் பற்றித் தொடர்ந்து எழுதினேன். மனதில் மட்டும் ஒன்று தங்கிவிட்டது. அவள் போவதற்கு நாய் ஒரு தடை. பாவம், நாய்க்காக ஒரு வாழ்க்கையை விட்டுவிடப் போகிறாள்.

இந்த எண்ணம் என் தலைக்குள் இருக்கும்போதுதான் நீங்கள் வந்து இறங்கினீர்கள். வந்த முதல் நாளே அவள் வழக்கம்போல, “மேனேஜர், உங்கப்பாவுக்குக் காபி வேணுமான்னு கேளு” என்று சொல்ல, “நாய்கிட்ட ஏம்மா கேக்குற? மாப்ள இங்கதானே குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கார்?” என்று நீங்கள் கேட்டீர்கள். “சும்மா விளையாட்டு மாமா” என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். அத்தை சிரிக்கவில்லை. அத்தை நாயைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

இனி பல்செட். நடந்தது உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறீர்கள். பாதிதான் தெரியும். குளியலறைக் கதவைச் சாத்தாமல் வந்தவன் நான். நீங்கள் கிண்ணத்தில் போட்டுவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தீர்கள், கண்ணில் சோப்பு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு வெளியே வந்து “மாஃப்ளே, எம் ஃபல்லக் காணோம்” என்றீர்கள், அத்தை அலமாரியில் தேட, நான் தலையணைக்கு அடியில் தேட, நீங்கள் உங்கள் சட்டைப் பையையே தடவிப் பார்க்க, அப்போது சோபாவுக்கு அடியிலிருந்து மேனேஜர் தலையை நீட்டியது. சிரித்தது மாமா. வளர்த்த இத்தனை காலத்தில் அது சிரித்து நான் பார்த்ததே இல்லை. உங்கள் சிரிப்பு அப்படியே. அத்தை “அய்யோ, இது உங்கள மாதிரியே இருக்கே” என்று சொன்னதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. ஒரு பிஸ்கட் கொடுத்து வாங்கினேன். பிறகு, “அவ கிளினிக்ல இருந்து மருந்துத் தண்ணி கொடுத்திருக்கா மாமா, அதுல ஊறவெச்சுத் தர்றேன்” என்று உள்ளே எடுத்துப் போனேன். மருந்துத் தண்ணீர் எதுவும் கிடையாது. பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவினேன். பாத்திரம் தேய்க்கும் நாரில். போட்டுக்கொண்டு, “என்ன மாப்ள, எலுமிச்சை வாசனை வருது?” என்றீர்கள். “புது மருந்து மாமா” என்றேன். “நல்லாதான் இருக்கு” என்று நாள் முழுக்க நாக்கால் தடவிக்கொண்டே இருந்தீர்கள். ஒவ்வொரு தடவை நீங்கள் தடவும்போதும் நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அந்த வெட்கத்தில்தான், மாலையில் எல்லோரும் ஹாலில் இருக்கும்போது, “இந்த நாயை யார்கிட்டயாவது கொடுத்துடலாம்னு இருக்கேன் மாமா” என்று சொல்லிவிட்டேன். வெட்கத்தோடு இன்னொரு கணக்கும் இருந்தது. தடை நீங்கும். அவள் நிம்மதியாகப் போகலாம். நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். “யார்கிட்டயாவதா? என் பல்லையே போட்டுப் பாத்துடுச்சு மாப்ள. இனிமே அது வெளியாள் இல்ல. எங்கிட்டக் கொடுங்க.” நான் அவளைப் பார்த்தேன். அவள் நாயைப் பார்த்தாள். “உங்கப்பா முடிவு பண்ணிட்டார் போல. கெளம்பு” என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

உங்கள் கார் திரும்பும்வரை கையசைத்தேன். பெரிய தியாகம் செய்தவனின் முகம் எப்படி இருக்கும் என்று அன்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போது அந்தக் கண்ணாடிப் பக்கமே போக முடியவில்லை.

அதற்குப் பிறகு வீடு நின்றுவிட்டது. பிளேடு நின்றுவிட்டதா என உறுதிசெய்யவும் என்பேனே, அப்படி நின்றது. நாங்கள் சண்டை போட்டதாகவே எனக்குத் தெரியவில்லை. பேச ஆள் இல்லை, அவ்வளவுதான். அவள் துணி மெஷினிடம், “காயப்போடத்தான் இந்த வீட்ல ஆளில்ல” என்றாள். மெஷின் பீப் என்றது. அந்தச் சத்தத்துக்கு விளக்கம் எழுதியவன் நான்; ‘சுழற்சி முடிந்தது’ என்று அர்த்தம். நான் ஜன்னலோரத்து மணி பிளாண்டிடம், “உங்கம்மா எப்ப வருவான்னு கேளு” என்று சொல்லிப் பார்த்தேன். செடி இரண்டு பக்கமும் பார்ப்பதில்லை. அது வெளிச்சத்தின் கட்சி.

காலையில் கால்கள் தானாகக் கிளம்பின. கையில் மேனேஜரின் பழைய கயிறு. ஒவ்வொரு கம்பத்திலும் நின்றேன். நின்று, காத்திருந்து, பிறகு நடந்தேன். மருந்துக்கடைக்காரர் கடையைத் திறந்துகொண்டே, “என்ன சார், மேனேஜர் எங்க?” என்றார். “லீவுல இருக்கு.” அவர் என் கையைப் பார்த்தார். “கயிறு மட்டும் டியூட்டியா?” அன்றிலிருந்து வேறு தெரு வழியாகப் போகிறேன். அங்கேயும் கம்பங்கள் இருக்கின்றன.

பிறகு வீட்டுக்காரம்மா. மோட்டார் போட்டாச்சா என்று கேட்க வந்தவர், பாவம். வாசலில் நின்று மிதியடியைக் குனிந்து பார்த்துவிட்டு (இப்போதெல்லாம் அப்படித்தான்) உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தார். சரியாக நடுவில். இந்தப் பக்கம் நின்றபடி நான். அந்தப் பக்கம் நாற்காலியில் அவள்.

“ஆன்ட்டி, மோட்டார் போட்டாச்சான்னு அவர்கிட்டயே கேளுங்க.”

“ஏம்மா, அவர் உன் எதிர்லதானே நிக்கிறார்?”

“போட்டாச்சுன்னு சொல்லுங்க ஆன்ட்டி” என்றேன்.

“யார்கிட்ட சொல்ல? கேட்டது நான்தானே?”

“அப்படியே இதையும் கேளுங்க ஆன்ட்டி. எதுக்காக நாயைத் தூக்கிக் கொடுத்தாராம்?”

“அவ நிம்மதியா அந்த வேலைக்குப் போகணும்னுதான் கொடுத்தேன்னு சொல்லுங்க ஆன்ட்டி. அதுதானே தடையா இருந்துச்சு.”

வீட்டுக்காரம்மாவுக்குக் கழுத்து வலி. மேனேஜர் போல வேகமாகத் திரும்ப வராது. அவர் அவள் பக்கம் திரும்பி முடிப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

“தடையா? நான் போறதுக்கு நாயா தடை?”

அவ்வளவுதான். முகம் ஒரு மாதிரி ஆனது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

“ஏம்ப்பா, நீங்க ரெண்டு பேரும் படிச்சவங்கதானே?”

“ஆமா ஆன்ட்டி.”

“நாய் இருந்தப்ப மிதிச்சேன். நாய் போனப்புறம் என்னையே நாயாக்கிட்டீங்க.”

படியிறங்கிப் போய்விட்டார். நான் அந்தச் சோபாவிலேயே உட்கார்ந்தேன். நாயா தடை? நாய் தடை இல்லை என்றால், அன்று சீப்புச் சத்தத்தோடு கேட்டேனே, அந்த வாக்கியம். உன்னை விட்டுவிட்டு எப்படிப் போவேன். நீ வந்தால் நன்றாக இருக்கும். வரமாட்டாய். எனக்குத் தெரியும். மாமா, அது எனக்குச் சொன்னது. என் முதுகைப் பார்த்துச் சொன்னது. முன்னுரை இல்லாமல், நாயைச் சும்மா மடியில் வைத்துக்கொண்டு, நேராக எனக்கு. நான் மூடியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். பதிலுக்கு அவள் நாயை ஊருக்கு அனுப்பினேன்.

கூட வரமாட்டேன் என்று நான் எப்போது சொன்னேன்? சொல்லவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை. என் வேலைக்கு ஒரு மேசை போதும், மேசை எல்லா ஊரிலும் இருக்கிறது. ‘நானும் கூட வர்றேன்.’ இவ்வளவுதான் வாக்கியம். குழந்தைகூடச் சொல்லும். நேற்று அதைத் தயார் செய்துகொண்டு சமையலறை வாசலில் போய் நின்றேன். அவள் திரும்பினாள். நான் வாயைத் திறந்தேன். “பால் தீந்துடுச்சு” என்று வந்தது. அவள் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தாள். “இருக்கு” என்று பாலிடம் சொல்லிவிட்டு மூடினாள். திங்கட்கிழமை அந்த ஆஸ்பத்திரிக்குப் பதில் சொல்லக் கடைசி நாள்.

ஆகவே மேனேஜர் வேண்டும். அது வந்து நடுவில் உட்கார்ந்தால் போதும், நான் சொல்லிவிடுவேன். உங்களிடம் சொல்லி அவளிடம் சொல்லச் சொல்லலாம் என்றும் யோசித்தேன். ஆனால் வீட்டுக்காரம்மா சொன்னது ஞாபகம் வந்தது. உங்களை அந்த இடத்தில் வைத்துப் பார்க்க மனம் ஒப்பவில்லை. நாயின் இடம் என்று சொல்ல வரவில்லை. மன்னிக்கவும். அந்த வரியை அடித்தால் இன்னும் அசிங்கமாகத் தெரியும், அப்படியே விடுகிறேன்.

அனுப்ப முடியாவிட்டால், போனை ஸ்பீக்கரில் போட்டு மேனேஜரின் காதருகே பிடியுங்கள். நான் இங்கே ஹாலில் நின்று அதனிடம் சொல்கிறேன், அவள் காதில் விழும்.

இன்னொன்று. போன வாரம் நீங்கள் போனில் ஆச்சரியமாகச் சொன்னீர்கள்: “என்னமோ தெரியல மாப்ள, நாங்க ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருந்தா நடுவுல வந்து உக்காந்துக்கிட்டு மூஞ்சிய மூஞ்சியப் பாக்குது. நேத்து உங்க அத்தை அதுகிட்ட, ‘உங்க தாத்தா மாத்திரை போட்டாரான்னு கேளு’ங்கறா. நானும் ‘போட்டாச்சுன்னு சொல்லு’ன்னேன். ஒரே சிரிப்பு. ரிட்டயர் ஆனதுக்கப்புறம் நாங்க இவ்வளவு பேசினதே இல்ல.” மாமா, தயவுசெய்து நிறுத்துங்கள். இப்படித்தான் ஆரம்பிக்கும். மாத்திரையில் ஆரம்பிக்கும். பிறகு பெரிய விஷயங்களும் அந்த வழியாகவே போக ஆரம்பிக்கும், நேர்வழியில் புல் முளைத்துவிடும். நாயைக் கொடுத்த அன்று சாப்பாட்டு அளவு, நடக்கும் நேரம், காது மருந்து எல்லாம் எழுதிப் பையில் ஒட்டிக் கொடுத்தேன். இந்த எச்சரிக்கையை மட்டும் எழுதவில்லை. என் தொழிலில் இது மன்னிக்க முடியாத தவறு.

அத்தைக்கு என் வணக்கம். அவர் சால்வைக்கு என் வருத்தம். மேனேஜருக்குக் காதின் பின்பக்கம் ஒரு சொறி. உங்கள் ஆசியைக் கேட்க இப்போது தகுதி இல்லை. இருந்தாலும் கொஞ்சம் அனுப்பினால் வைத்துக்கொள்வேன்.

தலைகுனிந்து,
உங்கள் மருமகன்
(எழுத்தாளர் அல்ல)

பின்குறிப்பு: கவர் வாங்கக் கடைக்குப் போனேன். கடிதத்தை மேசை மேலேயே வைத்துவிட்டுப் போனேன். மறந்துவிட்டேன் என்று எழுத நினைத்தேன். வேண்டாம், இந்த ஓரிடத்திலாவது உண்மை இருக்கட்டும். தெரிந்துதான் வைத்தேன். திரும்பி வந்தபோது உங்கள் மகள் என் நாற்காலியில் உட்கார்ந்து படித்து முடித்திருந்தாள்.

“எங்கப்பா பல்லைப் பாத்திரம் தேய்க்கிற நாருலயா தேய்ச்ச?”

நேராக. என்னைப் பார்த்து. நான் அந்தச் சந்தோஷத்தைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டேன்.

“இதுல இன்னொரு தப்பும் இருக்கு” என்றாள்.

“எழுத்துப்பிழையா?”

“நான் அத நாய்கிட்டதான் சொன்னேன்.”

எனக்குப் புரியவில்லை.

“உன்ன விட்டுட்டு எப்படிப் போவேன்னு. நாயைத்தான் சொன்னேன். நீ வருவேன்னுதான் தெரியுமே. உன் மேசையை எந்த ஜன்னல் பக்கம் போடலாம்னுகூட யோசிச்சு வெச்சிருக்கேன். வண்டியில ஏறாதது நீயா, அதுவா?”

“அப்ப ஆன்ட்டி முன்னாடி ஏன் எழுந்து உள்ள போன?”

“அதப் போய்த் தடைன்னு சொன்னியே. அழுதேன்.”

“அப்புறம் ஏன் பேசல?”

“கோபம். ஏன் கொடுத்தேன்னு நீயா வந்து நேரா சொல்லுவேன்னு பாத்தேன். நீ பால் தீந்துடுச்சுன்ன.”

“திங்கட்கிழமை பதில் சொல்லணுமே?”

“நீ ரொம்ப சந்தோஷம்னு சொன்ன அன்னிக்கே எழுதிட்டேன்.”

“அப்ப இவ்வளவு பக்கம் நான் வெட்கப்பட்டது?”

“வீணாப் போகல. சோப்புக்கு வெச்சுக்கோ.”

மாமா, ஆகவே மேலே எழுதியிருப்பதில் பல்செட் தவிர வேறு எதுவும் நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளவும். இதையெல்லாம் அவள் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். பழக்கத்தில் நான்தான் சோபாவுக்கு முன்னால் இருந்த காலித் தரையைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள், பல் டாக்டர்கள் வெளிச்சத்துக்குத் திருப்புவது போல. “இப்பச் சொல்லு” என்றாள். சொன்னேன். நானும் கூட வர்றேன். சின்ன வாக்கியம்தான்.

நாயை அனுப்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நாங்களே வருகிறோம், வாந்திக்கு ஒரு பழைய போர்வையோடும் உங்களுக்கு நிஜமான மருந்துத் தண்ணீரோடும். வருகிறோம் என்று அத்தையிடம் சொல்லிவிடுங்கள். மேனேஜரிடம் சொல்லி அனுப்ப வேண்டாம், நேராக நீங்களே சொல்லுங்கள். அதைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வருகிறோம். இப்போதிருந்தே பழகிக்கொள்வது நல்லது.